வாங்குபவர் பட்டியலை எங்கிருந்து சேர்ப்பது? பெங்களூருவில் வீடு வாங்கி விற்க நினைப்பவருக்கு ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறீர்கள், மைத்துனரோடு சேர்ந்து 80 லட்சம் ரூபாய் அளவில் ஒரு பழைய வீட்டையோ 30-க்கு 40 அடி சைட்டையோ (காலி மனையையோ) வாங்கி, சீர்செய்து, ஓராண்டுக்குள் விற்க நினைக்கிறீர்கள், நீங்கள் சேர்ந்த இணையவழி வகுப்பில் முதலில் வாங்குபவர்களின் பட்டியலைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், ஒப்பந்தம் மட்டும் போட்டு அதை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டால் கைப்பணமே தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பட்டியலைப் பெங்களூருவில் எப்படிச் சேர்ப்பது என்பது கேள்வி. பெயர்களும் கைப்பேசி எண்களும் கிடைப்பது இந்த ஊரில் கடினமே அல்ல. ஒரு விளம்பரம் போட்டால் ஒரே வாரத்தில் வந்து குவியும். அந்த எண்களில் யார் உண்மையில் பணம் கட்டிப் பத்திரம் பதிவுசெய்யக்கூடியவர், அவருக்கு ஏற்ற சொத்து எது என்பதை, நீங்கள் அந்தச் சொத்தில் பணத்தைப் போடும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் சொத்து ஆவணங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்துவிட்டு, பிறகு பதிவு பெற்ற முகவராக நகரின் கிழக்குப் பகுதியில் மறுவிற்பனை வீடுகளைக் கையாண்டு வருகிறேன். ஆகவே நான் சொல்வது மாநகர எல்லைக்குள் உள்ள வீடுகளுக்கும் சைட்டுகளுக்கும் பொருந்தும். விவசாய நிலமும் வணிகக் கட்டடமும் நான் கையாளாதவை. ஓசூர்ப் பக்கத்து மனைகளும் அப்படியே; அது தமிழ்நாடு என்பதால் பட்டா முதல் முத்திரைத் தீர்வை வரை எல்லாமே அங்கே வேறு. சட்டத்தில் இருப்பதையும் அனுபவத்தில் கண்டதையும் கூடுமானவரை பிரித்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இந்த விலையில் வீடு வாங்குபவர் பெரும்பாலும் கடனில்தான் வாங்குகிறார் என்பதால், குடும்பம் சரி என்று சொன்ன பிறகும் அவர்களுடைய வங்கி சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடன் என்றால் 75 சதவீதம்தான் வரம்பு. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன்மீது விதிக்கப்படும் செஸ்ஸும் சர்சார்ஜும் சேர்ந்து நகர்ப்புறத்தில் 5.6 சதவீதம், பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்துவிட்டது. நீங்கள் 90 லட்சத்துக்கு விற்கும் வீட்டை வாங்குபவருக்கு அதிகபட்சம் 72 லட்சம் கடன் கிடைக்கும். மீதி 18 லட்சமும், பதிவுச் செலவு 6 லட்சத்து 84 ஆயிரமும் சேர்ந்து கிட்டத்தட்ட 25 லட்சம் ரூபாய் அவரிடம் சொந்தப் பணமாக இருந்தாக வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து அந்த வீட்டுக்கு 82 லட்சம்தான் மதிப்பு என்று எழுதிவிட்டால் கடன் 65 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்து, இன்னும் 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கு அவர் வழிதேட வேண்டியிருக்கும். வீடு பிடித்திருக்கிறது, இந்த வாரமே அட்வான்ஸ் தருகிறோம் என்று சொன்ன குடும்பம் பத்து நாளில் தொலைபேசியை எடுக்காமல் போவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் இந்த இடைவெளிதான். அவர்களுக்கு மனம் மாறியிருக்காது, சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள்.

அதே கணக்கை உங்கள் பக்கமும் போட்டுப் பாருங்கள். 80 லட்சத்துக்கு வாங்கினால் பதிவுக்கு மட்டும் 6 லட்சத்து 8 ஆயிரம் போகிறது. 90 லட்சத்துக்கு விற்றாலும் புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் போக 3 லட்சம்தான் மிஞ்சுகிறது, அதற்குள் சுண்ணாம்பு, குழாய், மின் இணைப்பு வேலைகளை முடித்தாக வேண்டும். 24 மாதத்துக்குள் விற்றால் கிடைக்கும் லாபம் குறுகிய கால ஆதாயமாகி, உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து அதற்குரிய விகிதத்தில் வரி விழும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் வருமான வரித் துறை தொழில் வருமானமாகவே கருதக்கூடும். முதல் விற்பனைக்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். சந்தை விலையில் வாங்கிச் சந்தை விலையில் விற்பவருக்கு இந்த மாநிலத்தில் ஓராண்டில் லாபம் கிடைப்பது மிகக் கடினம் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

இந்த நெருக்கடியிலிருந்து தப்பத்தான் ஒப்பந்தத்தைக் கைமாற்றும் யோசனை பிறக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது அமெரிக்காவில் வழக்கத்தில் இருக்கும் முறை. இந்தியாவில் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின்மீது எந்த உரிமையையும் உண்டாக்காது என்று சொல்கிறது. பொது அதிகாரப் பத்திரத்தின் வழியாகச் சொத்தைக் கைமாற்றுவது விற்பனை ஆகாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கர்நாடகத்தில், சொத்தைக் கைவசம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்துக்குக் கிரயப் பத்திரத்துக்குரிய முத்திரைத் தீர்வையே உண்டு. சட்டப்படி ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது: "வாங்குபவர் அல்லது அவர் குறிப்பிடும் நபர்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, உரிமையாளர் கடைசி வாங்குபவருக்கு நேரடியாகக் கிரயம் செய்யும்போது நீங்கள் கன்ஃபர்மிங் பார்ட்டியாக, அதாவது அந்த விற்பனைக்கு ஒப்புதல் தரும் தரப்பாக, கையெழுத்திடுவது. இதில் உங்கள் பங்கும் நீங்கள் பெறும் தொகையும் பத்திரத்திலேயே தெரியும். கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் அதை நுணுக்கமாகக் கேள்வி கேட்பார். உரிமையாளரும் வாங்குபவரும் உங்கள் லாபத்தைப் பார்ப்பார்கள். மூவருக்கும் அது முன்கூட்டியே தெரிந்து, மூவரும் ஒப்புக்கொண்டால் தவறில்லை. இருவரிடமும் வெவ்வேறு விலையைச் சொல்லி மறைத்து வைத்துக்கொண்டு கைமாற்றும் முயற்சிகள் சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலக வாசலில் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அதிகம் அடிபட்டவர், இருந்த வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு வந்து நின்ற குடும்பம். கைப்பணம் வேண்டாம் என்பதை நம்பி இதில் இறங்காதீர்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் எந்தச் சொத்தை வாங்குவது என்பதை யார் வாங்குவார் என்பதிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். காதா என்பது மாநகராட்சியின் வரிப் பதிவேட்டில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டும் ஆவணம்; விதிப்படி அமைந்த சொத்துக்கு ஏ காதா, அனுமதிக் குறை உள்ளதற்கு பி காதா. ஏ காதா உள்ள வீட்டுக்குக் கடன் தரப் பெரும்பாலான வங்கிகள் முன்வரும். பி காதா என்றால் பல வங்கிகள் விலகிக்கொள்ள, சில நிதி நிறுவனங்கள் மட்டும் கூடுதல் வட்டியில் தரும்; அதனால் வாங்குபவர் கூட்டம் சுருங்கிவிடும். 2024-ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து மாநகர எல்லைக்குள் பத்திரப் பதிவுக்கு அதன் மின்னணு வடிவமான இ-காதா கட்டாயமாகியிருக்கிறது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்த பிறகும் இந்த விதி தொடர்கிறது. பி காதாவை ஏ காதாவாக மாற்றித் தரும் திட்டத்தை அரசு அறிவித்திருப்பது உண்மை. ஒரு குறிப்பிட்ட சைட்டுக்கு அது எப்போது கைகூடும் என்பது உறுதியில்லாதது. எனவே மாறிவிடும் என்ற நம்பிக்கைக்காக இன்று ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தாய்ப் பத்திரத்தில் அரசு வழங்கிய நிலம் என்ற குறிப்பு இருந்தால், அது தலித், பழங்குடியினருக்கு வழங்கப்பட்டதா என்பதை 1978-ஆம் ஆண்டின் பி.டி.சி.எல். சட்டத்தின்படி சரிபார்த்தாக வேண்டும். அரசின் முன் அனுமதியின்றி விற்கப்பட்டிருந்தால் அந்த நிலம் திரும்பப் பெறப்படலாம், 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு காலம் கடந்துவிட்டது என்ற வாதமும் எடுபடாது. ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சைட்டும் அப்படியே, வழக்கறிஞரும் சர்வேயரும் பார்க்காமல் தொடக்கூடாதது.

இனி, வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பது. என் அனுபவத்தில் பழைய வீட்டுக்கு முதல் வாங்குபவர் அதே தெருவில்தான் இருக்கிறார். அடுத்த சைட்டுக்காரர் இடத்தைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டிருப்பார். மாடியில் பத்து ஆண்டாகக் குடியிருப்பவர், பிள்ளைகளின் பள்ளியை மாற்ற மனமில்லாமல் அதே பகுதியில் தேடிக்கொண்டிருப்பார். லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, ராமமூர்த்தி நகர், எஜிபுரா போன்ற இடங்களில் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், கோயிலும் தேவாலயமும் உறவும் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக, ஒயிட்ஃபீல்டில் புதிய அடுக்ககம் வாங்கும் வசதி இருந்தும் இங்கே 20-க்கு 30 வீட்டைத் தேடுவதைத் தொடர்ந்து காண்கிறேன். இவர்கள் இணையதள விளம்பரத்தைப் பார்ப்பதைவிட, வீட்டுக்கடன் ஏஜெண்டையும், பத்திரம் எழுதுபவரையும், அந்தப் பகுதியில் கட்டட வேலை செய்யும் மேஸ்திரியையும் கேட்பார்கள். ஆகவே உங்கள் பட்டியலுக்கு நான் முதலில் சேர்க்கச் சொல்வது இந்த மூவரைத்தான். வீட்டுக்கடன் ஏஜெண்டிடம் கடன் அனுமதி கிடைத்தும் வீடு அமையாமல் நிற்பவர்களின் விவரம் இருக்கும். அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அவர் அதைத் தம் வாடிக்கையாளரின் சம்மதத்தோடு மட்டுமே பகிர வேண்டும் என்பதை நீங்களே வலியுறுத்துங்கள்.

வாடகை வருமானத்துக்காக வாங்குபவர்கள் வேறு வகை. 30-க்கு 40 சைட்டில் மூன்று மாடி கட்டி, மாதம் என்ன வரும் என்று மட்டும் கேட்பார்கள். அவர்களிடம் விற்கும்போது குடித்தனக்காரர்களில் யார் யார் லீஸுக்கு இருக்கிறார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மாடிக்கு 8 லட்சம் வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடிவைத்திருந்தால், அந்த 8 லட்சம் விலையிலிருந்து கழிக்கப்பட வேண்டிய கடன்; அதைக் கடைசி நேரத்தில் சொல்லி முறிந்த பேரங்கள் இந்த ஊரில் ஏராளம். வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள உறவினர் பெயருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பி வாங்க நினைத்தால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முத்திரையிடப்பட வேண்டும். அதற்கேற்பக் காலத்தை வகுத்துக்கொள்ளுங்கள். 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்களில் விளம்பரம் போடுவது தேவைதான், ஆனால் அதில் வருபவர்களில் பெரும்பகுதியினர் விலை விசாரிப்பவர்களும் பிற புரோக்கர்களுமே. புரோக்கரோடு வேலை செய்வதில் தவறில்லை. கமிஷன் எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்பது இங்குள்ள வழக்கம், சட்டம் அல்ல. நீங்களே பிறருடைய வீட்டைக் கமிஷனுக்கு விற்றுத்தரத் தொடங்கினால், ரெரா (வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவுள்ள திட்டங்களில் முகவர் பதிவு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு.

வருபவர் உண்மையான வாங்குபவரா என்று அறிய நான் நான்கு விஷயங்களைக் கேட்பேன்: இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள், எப்போது காலி செய்ய வேண்டும், வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதா, வீட்டைப் பார்க்க இன்னும் யார் வர வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டை மென்பொருள் துறையில் இருந்த கணவனும் மனைவியும் பார்த்து விலை பேசி முடித்த பிறகு, வாணியம்பாடியிலிருந்து பெண்ணின் தந்தை வந்தார். அறைகளை அவர் பார்க்கவே இல்லை. நேராகச் சம்ப்பின் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின்) மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார், போர்வெல் எத்தனை அடி என்றார், காவிரி வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்றார், மாடிக் குடித்தனக்காரரைத் தனியாக அழைத்து 2024 கோடையில் எத்தனை டேங்கர் வாங்கினீர்கள் என்று கேட்டார். அந்தப் பதிலில்தான் விற்பனை முடிவானது. தண்ணீர்ப் பற்றாக்குறை கண்ட அந்த ஆண்டுக்குப் பிறகு, புறநகரில் தண்ணீர் பற்றிய கேள்வியே முதலில் வருகிறது. மாநகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காகக் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டிருந்தாலும், உங்கள் தெருவுக்கு இணைப்பு இருக்கிறதா என்பதற்கு மீட்டர் எண்ணோடு கூடிய ரசீதுதான் ஆதாரம். அதை வாங்குபவர் கேட்கும் முன்பே எடுத்து வையுங்கள்.

அந்த ரசீதோடு ஒரு கோப்பையும் தயாராக வைத்திருங்கள்: தாய்ப் பத்திரம் முதல் இன்றுவரையிலான பத்திரத் தொடர், பதிவுத் துறையின் காவேரி தளத்தில் எடுத்த ஈ.சி. (வில்லங்கச் சான்று), இ-காதா, நடப்பாண்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம், பெஸ்காம் மின் கட்டண பில், அடுக்ககமாக இருந்தால் கட்டடத்தில் குடியேற அனுமதிக்கும் சான்றும் (ஓ.சி.) சங்கத்தின் தடையின்மைக் கடிதமும். ஈ.சி. பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டும். பதிவாகாத ஒப்பந்தமும் குடும்பப் பங்கு வழக்கும் அதில் தெரியாது. வரைபடத்தில் இரண்டு மாடியும் நேரில் மூன்று மாடியும் இருந்தால் அதையும் எழுதியே கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் தெரிவித்தாக வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் இருபது ஆண்டுச் சம்பளத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வந்திருக்கிறார். வேறு இருவர் காத்திருக்கிறார்கள் என்று இல்லாத ஆட்களைச் சொல்லி அவரை அவசரப்படுத்துவது எனக்கு ஏற்புடையதல்ல. வங்கி வழக்கறிஞரின் கருத்து வரும்வரை அவருக்கு நேரம் கொடுத்து, அந்தக் கெடுவை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால், கடன் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பதைக் குறிப்பிட்டு ரசீது கொடுங்கள். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவர்மீது விழும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 90 லட்சத்துக்கு அது 90,000 ரூபாய். முதல்முறை வாங்குபவர்கள் பலருக்கு இது தெரியாது, அவர்களுக்கு விளக்கிச் சொல்லிப் படிவத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள், அந்தத் தொகை உங்கள் வரிக் கணக்கில் வரவாகும். பத்திரத்தில் காட்டும் விலை, அரசு நிர்ணயித்த கைடன்ஸ் வேல்யூவை (வழிகாட்டி மதிப்பை) விடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த வேறுபாட்டுக்கு இரு தரப்புக்கும் வரி வரும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றில் முதன்மையானது விலை உயர்வு. மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது உண்மை. ஆனால் தூண்கள் எழுந்த காலத்திலேயே விற்பவர்கள் அதை விலையில் சேர்த்துவிட்டார்கள் என்பதால், இன்று வாங்குபவருக்கு அதனால் இன்னும் எவ்வளவு ஏறும் என்று எவரும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. விற்பனைக்கு எத்தனை மாதம் ஆகும் என்பதும் அப்படியே. ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருவார்கள், அட்வான்ஸ் தரமாட்டார்கள். கன்னடக் குடும்பங்களின் ஆஷாடம் நம் ஆடியோடு முழுதும் ஒத்துப்போகாததால் அந்தப் பருவத்தில் இரண்டையும் கணக்கில் வைக்க வேண்டும். தெற்குப் பார்த்த சைட்டு நல்ல இடத்தில் இருந்தாலும் கூடுதல் காலம் எடுக்கிறது. ஓராண்டு என்று திட்டமிட்டால் இரண்டாண்டு வட்டியைத் தாங்கும் பணம் உங்களிடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த 24 மாதத்தைத் தாண்டினால் நீண்ட கால ஆதாயமாகி 12.5 சதவீத வரிக்குள் வருவது ஒரு ஆறுதல்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுத்த சில மாதங்களுக்கு எதையும் வாங்கமாட்டேன். கே.ஆர்.புரத்திலிருந்து ராமமூர்த்தி நகர் வரையிலான ஒரு சிறு வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே வீடு தேடும் ஏழெட்டுக் குடும்பங்களோடு பேசி, அவர்களுடைய கடன் வரம்பு, கைப்பணம், வேண்டும் அறைகள், வேண்டாம் என்று சொன்ன வீடுகள், வேண்டாமென்றதற்கான காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுவேன். பிறகு அந்தக் குடும்பங்களில் இரண்டு மூன்று பேராவது வாங்கக்கூடிய விலையில், ஏ காதாவோடு, சந்தை விலைக்குக் கீழே வருவதற்குப் புரியக்கூடிய ஒரு காரணம் உள்ள வீட்டை, உதாரணமாகப் பங்கு பிரிக்க வேண்டிய அண்ணன் தம்பிகள் எல்லோரும் கையெழுத்திடச் சம்மதித்த வீட்டை, பார்க்கத் தொடங்குவேன். அப்படி ஒன்று அமையவில்லை என்றால் அந்த 80 லட்சம் வங்கி வைப்பிலேயே இருக்கட்டும்.